பிடிமண்

இந்த இதழ் இரண்டு மாதம் தள்ளி வருகிறது. காகித விலை, அச்சகப் பாக்கி என்று வழக்கமான காரணங்கள் கைவசம் இருக்கின்றன. அவற்றைச் சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் இந்த முறை நடந்தது வேறு. அட்டைப்படத்துக்கு ஒரு மண்குதிரையைத் தேடிச் சிவகங்கைப் பக்கம் போனோம். போன இடத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

ஐயனாருக்கு மண்குதிரை செய்து கொண்டுபோய் நிறுத்தும் புரவி எடுப்பு என்றால் அந்தச் சீமையில் விளக்கம் தேவையில்லை. ஊர் கூடி, இந்த வருசம் எடுக்கலாம் என்று முடிவானதும் முதல் காரியம் பிடிமண் கொடுப்பது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வெற்றிலை பாக்கோடு குயவரான வேளார் கையில் கொடுப்பார்கள். அதை அவர் தன் மண்ணோடு சேர்த்துப் பிசைந்துதான் வேலை தொடங்க வேண்டும். ஊருக்குப் பொதுவாக எடுப்பது அரண்மனைப் புரவி. வீட்டுக்கு வீடு வேண்டிக்கொண்டு எடுப்பவை நேர்த்திக்கடன் புரவிகள். பிள்ளை வரம் கேட்டவர்கள் மதலை செய்யச் சொல்வார்கள், மாடு பிழைத்தவர்கள் காளை. பல ஊர்களில் குதிரை செய்கிற வேளாரேதான் ஐயனாருக்குப் பூசாரியும். செய்த கையே கும்பிடவும் செய்கிறது.

நாங்கள் போனபோது ஒரு புரவிக்குக் கால்கள் மட்டும் எழும்பியிருந்தன. நாலு குழாய்கள், ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, வேப்பமர நிழலில். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்த மண். உமி சூளையில் எரிந்துபோய் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விட்டுவைக்கும். வெடிப்பு அதனால் குறைகிறது. கால் ஈரமாக இருக்கும்போது வயிற்றை ஏற்றினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். நன்றாகக் காய்ந்துவிட்டால் மேல்மண் ஒட்டாது. இடையில் ஒரு பதம் இருக்கிறது.

“அது எப்படிண்ணே தெரியும்?” என்று கேட்டோம்.

வேளார் விரல் மடக்கி ஒரு காலைத் தட்டினார். “தேங்காய் பாக்குறதில்லையா தம்பி? அம்புட்டுத்தான்.” நாங்களும் தட்டிப் பார்த்தோம். எங்களுக்கு நாலு காலும் ஒரே மாதிரிதான் கேட்டன. அவர் மூன்றாவது காலைக் காட்டி, “இது இன்னைக்கு ஆகாது” என்றார். அன்றைய வேலை அத்தோடு நின்றது. மறுநாள் வரை காத்திருந்தோம். தாமதத்தின் கதை இப்படித்தான் தொடங்கியது.

அந்த இரண்டு நாளில் அவர் அதிகம் பேசியது குதிரையைப் பற்றி இல்லை, மண்ணைப் பற்றி. முன்பு கோடையில் கண்மாய் வற்றியதும் உள்வாயில் மண் எடுப்பார்கள். வேளாருக்குக் களிமண், சம்சாரிக்குக் கரம்பை, கண்மாய்க்கு ஆழம். இப்போது கண்மாய்க்குள் சீமைக்கருவேல் நிற்கிறது. அது இல்லாத இடத்தில் பொக்லைன் இறங்கிச் சவட்டு மண்ணுக்காகத் தோண்டியதில் மேலே படிந்திருந்த களி போய்விட்டது. சட்டம் இடம் கொடுக்காமல் இல்லை. சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-ஆம் வருடத்தவை. மண்பாண்டத் தொழிலுக்கு மண் எடுப்பது அவற்றிலேயே வருகிறது. 2024-இல் அரசு இன்னும் எளிதாக்கி, வட்டாட்சியர் அளவிலேயே கட்டணமில்லாமல் அனுமதி வாங்கலாம் என்றது. ஆனால் அனுமதிச் சீட்டு கைக்கு வருகிற நேரம் கண்மாயில் தண்ணீர் வந்துவிடுகிறது என்பது அவருடைய அனுபவம். “சூளைக்கு மட்டும் வெறகு பஞ்சமில்லை, எல்லாம் கருவேல்தான்” என்று சிரித்தார்.

அங்கிருந்து மதுரைக்குத் திரும்பும் வழியில் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில், அகழாய்வில் கிடைத்த பானைகளைப் பார்க்கக் கூட்டம் இருந்தது. நாங்களும் பார்த்தோம், பெருமைப்பட்டோம். குயவர் கை பட்ட ஓட்டில் கீறிய எழுத்துக்காக இவ்வளவு நெஞ்சு நிமிர்த்துகிற நமக்கு, அதே மாவட்டத்தில் கண்மாய்க் களிக்காக மனு எழுதிக்கொண்டிருக்கிற கையைப் பற்றிச் சொல்ல ஏன் ஒன்றுமில்லை? புதைந்து கிடந்தால்தான் மதிப்போமா என்று காரில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் பேசவில்லை.

சிமெண்ட் குதிரைகள் பெருகிவிட்டன. ஒருமுறை கட்டி, எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டால் பல வருடம் நிற்கும். பீடத்தில் கிரானைட் பலகை, அதில் உபயதாரர் பெயர், அவர் பிள்ளைகள் வெளிநாட்டில் பார்க்கும் வேலை வரைக்கும். அழகு குறைவு என்று சொல்லி முகம் சுளிப்பது எழுத்தாளர்களுக்கு எளிது. சில சிமெண்ட் குதிரைகள் நன்றாகவே இருக்கின்றன. எங்களுக்கு உறுத்துவது அவற்றின் ஆயுள். மண்குதிரை மழையில் சிதையும், காது உடையும், பத்துப் பதினைந்து வருடத்தில் முதுகு விழும். அப்படி விழுவதால்தான் ஊர் மறுபடி கூட வேண்டியிருக்கிறது. தலைக்கட்டு வரி போட வேண்டியிருக்கிறது. வரி கொடுக்காதவன் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. பிடிமண்ணோடு வேளார் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் கண்மாய்க்குள் இறங்கி, களி எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சிமெண்ட் வந்த ஊரில் இவ்வளவு வேலையும் மிச்சம். கண்மாய்க்கு என்ன ஆயிற்று என்று பார்க்க யாருக்கும் காரணம் இல்லை.

ஊர்க்கூட்டம் என்றதும் கண் கலங்குகிறவர்கள் நாங்கள் இல்லை. யாருக்கு முதல் மரியாதை, யார் தோளில் புரவி, யார் கொட்டடித்தும் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகிறது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேர், தலித் மக்களும் வடம் பிடிப்பது பற்றிய தகராறில் வருடக்கணக்கில் நிலையிலேயே நின்று 2024-இல்தான் மறுபடி ஓடியது. அதே மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி இருக்கிறது. கண்மாய் மரங்களுக்கு வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று அங்கே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த இடத்துக்கு வேட்டங்குடி சரணாலயம் என்று அரசு பெயர் வைத்தது 1977-இல். வெடிக்காத சத்தியம் அந்த ஊர்க்காரர்களுடையது. ஒதுக்கி வைக்கிற கட்டுப்பாடும் ஒரு நாரைக்காக வெடியைத் தொடாமல் இருக்கிற கட்டுப்பாடும் ஒரே மந்தையில் உட்கார்ந்து எடுத்தவைதாம். ஒன்றை உடைக்கும்போது மற்றது கையோடு போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. இந்த இதழில் வரும் மூன்று கட்டுரைகளும் மூன்று விதமாகச் சண்டை போடுகின்றன.

சிற்றிதழ்க்காரனுக்கு இந்தக் குதிரை மேல் ஏன் இத்தனை பிரியம் என்று வாசகர் ஊகித்திருப்பார். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் 1959-இல் தொடங்கி 1970-இல் நின்றது. அந்தப் பதினோரு வருடத்துக்குள் கைக்காசைப் போட்டு, கல்லூரி கல்லூரியாகப் புத்தகம் சுமந்தார் அந்த மனிதர். அது நிற்கிற காலத்தில் வேறு பெயர்களில் வேறு ஊர்களில் பத்திரிகைகள் கிளம்பியிருந்தன. எங்கள் சந்தாதாரர்களும் ஒரு மாதிரி தலைக்கட்டுத்தான். வரி பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல் எங்களிடம் இருக்கிறது, வீட்டுக்கு வருவோம்.

புரவி எடுத்த அன்று நாங்கள் கடைசி வரிசையில் ஒரு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தோம். வெள்ளை வேட்டி சுற்றி மாலை போட்டிருந்த குதிரை கண்மாய்க்கரை மேல் ஏறும்போது மூங்கில் தோளை அறுத்தது. கனம் முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்பது பக்கத்தில் தூக்குகிறவர் மூச்சில்தான் தெரிந்தது. கோயில் முன்னால் இறக்கி, பழைய வரிசைக்கு அடுத்து நிறுத்தினார்கள். பழையவற்றை யாரும் அப்புறப்படுத்தவில்லை. தலையில்லாதது, காலில் புற்று ஏறியது, வெறும் ஓட்டுச் சில்லாகக் கிடப்பது என்று பின்னால் போகப்போக மண்ணாகிக்கொண்டே போகிறது வரிசை.

அட்டையில் இருப்பது புதுக்குதிரை இல்லை. அதற்கு மூன்று வரிசை பின்னால், முதுகு விழுந்து நிற்பது. அதன் வயிற்றுக்குள் மைனா குஞ்சு பொரித்திருந்தது. இன்னும் கிட்டே போய் எடுக்கலாம் என்று கேமராவோடு குனிந்தபோது வேளார் பின்னாலிருந்து அதட்டினார்: “தள்ளி வாங்க தம்பி, தாய் திரும்பி வர்ற நேரம்.” படம் கொஞ்சம் தூரத்தில் இருப்பது அதனால்தான்.