குதிரை நின்ற இடத்தில் விறகு

வித்துராவிலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையோரப் பட்டறை ஒன்றில் சென்ற மாதம் ஒரு பழைய குதிரை டிரெய்லரைக் கண்டேன். கூரையை அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். மறு நடவுக்காக வெட்டப்படும் ரப்பர் தோட்டங்களிலிருந்து இனி அது விறகு சுமக்கும் என்றார் பட்டறைக்காரர். பயனற்றுக் கிடந்த பொருள் மீண்டும் உழைக்கப் போகிறதே என்று மகிழ்ந்தேன். விடுதிக்குத் திரும்பி ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சியோடு அச்சமும் சேர்ந்துகொண்டது.

கணக்கு எளியது. மத்திய மோட்டார் வாகன விதி 125ஈ, ஒரு குதிரைக்குக் குறைந்தது 2.25 சதுர மீட்டர் தடுப்பறை வேண்டும் என்கிறது. அந்த இடத்தில் நிற்கும் குதிரையின் எடை ஏறத்தாழ 450 கிலோ, எஞ்சியதெல்லாம் காற்று. அதே இடத்தில் பச்சை ரப்பர் விறகை 2 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால், கன மீட்டருக்குச் சுமார் 500 கிலோ என்று கொண்டாலும், எடை 2,250 கிலோ. குதிரையைப் போல் ஐந்து மடங்கு! குதிரையின் எடைக்குள் நிற்க வேண்டுமானால் விறகு 40 சென்டிமீட்டர்தான் உயரலாம். ஒரு முழம்கூட இல்லை.

எடை மட்டுமன்று சிக்கல். குதிரையின் சிறுநீர் ஆண்டுக்கணக்கில் ஊறிய தளப்பலகை உளுத்திருக்கும். அடியிலுள்ள இரும்புச் சட்டம் துருவேறியிருக்கும். மேலே விரித்த ரப்பர் பாய் இரண்டையும் மறைத்துவிடும். கூரையை அறுத்தால் பக்கச் சுவர்களைப் பிணைத்திருந்த உறுதியும் குறைகிறது. பின்கதவு வழியே ஏற்றப்படும் விறகு பின்புறமே குவிந்தால், இணைப்புக் கொக்கியின் மேலுள்ள அழுத்தம் குறைந்து டிரெய்லர் அலைபாயும். பொன்முடிச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் 22. அங்கே இறக்கத்தில் அலைபாயும் வண்டி, எதிரே வருபவரின் உயிரோடு விளையாடுகிறது.

சட்டம் இதை அறியாமலில்லை. விலங்குகளுக்கான வாகனத்தில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்புடன் உறுதிசெய்தது. அவ்வாண்டுத் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது.

சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் தடை மட்டும் இருந்து, சோதித்துச் சீராக்கும் வழி கைக்கெட்டும் தொலைவில் இல்லாதபோது வேலை நின்றுவிடுவதில்லை. கண்ணில் படாத இடத்துக்கு நகர்கிறது. அங்கே எடை பார்க்க யாரும் இல்லை.

கல்வியாளர்களாகிய நம் பங்கு இதில் என்ன? ‘ஜுகாட்’ என்ற பெயரில் இத்தகைய கைத்திறனைக் கருத்தரங்குகளில் கொண்டாடுகிறோம், கட்டுரைகளும் எழுதுகிறோம். அதன் அச்சு எவ்வளவு தாங்கும் என்று ஒருநாளும் அளந்து சொன்னதில்லை. அளவிடாத பாராட்டும் ஒருவகை அலட்சியமே. வித்துராவில் ஐசர் இருக்கிறது. நெடுமங்காட்டில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. மாதம் ஒருநாள் ஓர் எடைமேடை, ஒரு சுத்தியல், நான்கு மாணவர்கள் என்று அமர்ந்தால், அச்சையும் தளத்தையும் தடுப்பியையும் சோதித்து, வண்டியின் பக்கத்தில் ‘இதற்கு மேல் ஏற்றாதே’ என்று ஒரு கோடு வரைந்து கொடுக்கலாம். அந்தச் சோதனை அறிக்கையைப் போக்குவரத்துத் துறை பதிவு மாற்றத்துக்கான ஆவணமாக ஏற்க வேண்டும். சோதனையில் தேறாத வண்டி உடைக்கப்படவே வேண்டும். அதில் இரக்கத்துக்கு இடமில்லை.

மறுநாள் அந்தத் தாளோடு பட்டறைக்குப் போனேன். பொறுமையாகக் கேட்ட பட்டறைக்காரர், பச்சை விறகா காய்ந்த விறகா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் பச்சை விறகுக்கு மட்டுமே கணக்கிட்டிருந்தேன். காய்ந்த விறகென்றால் இன்னும் அரைச் சாண் ஏற்றலாம் என்பது அவர் கேட்ட பிறகே எனக்குத் தோன்றியது. அவர் முழங்கையை வைத்து அளந்து, உட்சுவரில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடுகள் இழுத்தார்.

அந்தக் கோடுகள் மழையில் அழிந்துவிடும். அவற்றை அழியாத வண்ணத்தில், அரசின் ஒப்புதலோடு எழுதித் தருவது நம் கடமை.