அம்மோனியா கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? எண்ணூர் அனுபவம்

நீங்கள் வயலில் இடும் யூரியா, டி.ஏ.பி., 20:20:0:13 எதுவானாலும், அதன் தழைச்சத்து அம்மோனியாவிலிருந்து வருவதுதான். அந்த அம்மோனியா 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கசிந்தது. கப்பலில் வரும் திரவ அம்மோனியாவை கோரமண்டல் உர ஆலைக்குக் கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் உடைப்பு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. மிக்ஜாம் புயல் அடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

ஆலை மூடப்பட்டது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அதெல்லாம் செய்தியில் வந்தது. ஓடியவர்கள் எங்கே போயிருக்க வேண்டும் என்பதுதான் அதிகம் பேசப்படவில்லை.

கடலோரத்தில் தங்குமிடம் என்றாலே புயல் பாதுகாப்பு மையம்தான். வயநாடு மாதிரி மலைச்சரிவு என்றால் ஓடையை விட்டு விலகி மேட்டுக்குப் போகலாம். அபாயம் வரும் வழி ஓரளவு தெரியும். வாயு அப்படியில்லை, காற்று திரும்பினால் அதுவும் திரும்பும். சுனாமிக்குப் பழகியவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஓடுவார்கள். ஆனால் கடற்காற்று வீசும்போது கசிவும் கடற்பக்கம் இருந்தால், அது வாயுவோடு சேர்ந்து ஓடுவதாகிவிடும். அப்போது கரையை ஒட்டி வடக்கிலோ தெற்கிலோ விலகுவதுதான் சரி.

"நம் ஊரில் உர ஆலை இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். மிளகாய், புளி வைக்கும் பெரிய குளிர்பதனக் கிடங்குகள், ஐஸ் ஆலைகள் பலவற்றில் ஓடுவது அம்மோனியாதான்.

நெடி வந்ததும் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றின் திசையைப் பாருங்கள்; காற்றுக்குக் குறுக்காக நடையைக் கட்டுங்கள். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். வெண்புகை வாசல்வரை வந்துவிட்டால் வெளியே போகவேண்டாம். கதவு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், எண்ணெய் எதுவும் விடாதீர்கள். மாடுகளை ஓட்டிப்போக நேரமில்லை என்றால் கயிற்றை அவிழ்த்துவிட்டு நீங்கள் நகருங்கள். மனசு கேட்காது, ஆனாலும் நகருங்கள்.

அபாயகர ரசாயனங்களைப் பெரிய அளவில் வைத்திருக்கும் ஆலைகளுக்கு, வெளியே வாழும் மக்களுக்கான அவசரத் திட்டம் இருக்க வேண்டும், அதை அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள். அடுத்த கிராம சபையில் கேளுங்கள்: சங்கு எப்படி ஒலிக்கும்? வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு தங்குமிடங்கள் எவை? கால்நடைக்கு அங்கே இடம் உண்டா?