பழைய கணக்கு, புதிய மழை

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். இந்த ஒரு மழைக்கான பழி முழுவதையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் போட்டுவிட முடியாதுதான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல்; அதனிடம் பேரம் படியாது. 2024-இல் பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கும் மேலே போய்விட்டது. நிலக்கரிப் புகையைக் குறைக்க உலக மாநாடுகளில் மல்லுக்கட்டட்டும், வேண்டியதுதான். இங்கே நாம் என்ன செய்கிறோம்? பாலத்தின் உயரத்தையும் வடிகாலின் அகலத்தையும் இன்னமும் பெரும்பாலும் தாத்தா காலத்து மழைக் கணக்கை வைத்தே முடிவுசெய்கிறோம். பிறகு, ‘வரலாறு காணாத மழை’ என்று கைவிரிக்கிறோம். (எந்தக் கட்சி ஆண்டாலும் இதே வசனம்தான்.) நிவாரணப் பணம் கைக்கு வந்ததும் மக்களின் கோபம் வடிந்துவிடுகிறது, தெருவில் தண்ணீர்தான் வடிவதில்லை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் உபரிநீர் வெளியேறும் மறுகால்களை இனி வரப்போகும் மழைக்கு ஏற்ப அகலப்படுத்த வேண்டும். மறுகால் ஓடைகளை மறித்து நிற்கும் கட்டடங்களை, அவை அரசு அலுவலகங்களாகவே இருந்தாலும், அகற்ற வேண்டும். நிவாரணத்துக்கு ஒதுக்கும் வேகத்தில் இதற்கும் நிதி ஒதுக்கலாமே?