கூரை தாழ்ந்த ஃபோர்டு

அமெரிக்காவில் பழைய கார்களை மாற்றியமைக்கும் பொழுதுபோக்கு, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் வேகப்போட்டி நடத்திய இளைஞர்களிடம் வளர்ந்தது. அவர்கள் பெரிதும் விரும்பியது 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு: எடை குறைவு, 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சின். மட்கார்டுகளைக் கழற்றினார்கள்; கூரைத் தூண்களை அறுத்துச் சில அங்குலம் தாழ்த்திப் பற்றவைத்தார்கள். தூண்கள் சாய்வானவை என்பதால், அறுத்தபின் மேல்பாதியும் கீழ்பாதியும் நேராகப் பொருந்துவதில்லை. கண்ணாடிகளையும் புது அளவுக்கு வெட்ட வேண்டும். உண்மையான கைத்திறன் தெரிவது இங்கேதான். 1947-இல் வந்த செவ்ரொலே பிக்கப் வகையும் பின்னாளில் இப்படி மாற்றியமைக்கப்படும் வண்டிகளின் வரிசையில் சேர்ந்தது.

எஞ்சின் வலிமையைக் கூட்டினால் அந்தக்காலப் பிரேக் போதாது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துவது மிக அவசியம். இவ்வாகனங்களின் வண்ணப்படங்களை வெளியிடும் இதழ்கள், இந்தப் பிரேக் மாற்றத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.