ஐந்து வாட் போதும்



சென்ற மாதம் நாகை வெளிப்பாளையத்தில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் அவர் மகன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்காமல் காத்திருந்தான். "செட் சூடாகட்டும், மாமா" என்றான். கிட்டாரிலிருந்து கிளம்பிய ஒயர் ஒரு சின்னப் பெடல் வழியாகப் போய், அவன் தாத்தாவின் வால்வு ரேடியோவுக்குப் பின்பக்கம் நுழைந்திருந்தது. அரை நிமிடத்தில் உள்ளே செம்மஞ்சள் வெளிச்சம் மெல்லப் பரவியது. அவன் ஒரு கம்பியை மீட்டினான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த ரேடியோவை எனக்கு நன்றாகத் தெரியும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவையும் பி.எச்.அப்துல் ஹமீதையும் நாங்கள் கேட்டது அதில்தான். திருச்சி வானொலி 1939இலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் மாலையானால் எங்கள் தெருவில் முள் இலங்கைப் பக்கம்தான் நகரும். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் மத்திய அலை அதன்மேல் அதிகம் தேயாமல் வந்து சேரும். கடலோரத்தில் பிறந்ததற்கு எங்களுக்குக் கிடைத்த கொடை அது.

கிராமபோன் தட்டை ரேடியோ வழியாகக் கேட்பதற்காகப் பழைய செட்டுகளில் 'பிக்-அப்' என்று ஒரு துளை வைத்திருப்பார்கள். பையன் கிட்டாரை அதில்தான் செருகியிருக்கிறான். கிட்டாரின் மின் அலை கிராமபோனுடையதைவிட நலிந்தது. அதைத் தூக்கிவிடத்தான் அந்தப் பெடல். செட்டின் கடைசி வால்வு இ.எல்.84. ஒற்றையாக நின்றால் ஐந்து வாட் சொச்சம்தான் தரும். பீட்டில்ஸ் குழுவினர் மேடையில் வைத்திருந்த வாக்ஸ் ஏ.சி.30 பெட்டியிலும் இதே வால்வுதான், நான்கு. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இதைத் தயாரித்தது.

ஐந்து வாட்டில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் ஐம்பது வாட் பெட்டி காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் கேட்குமே தவிர, பத்து மடங்காக அல்ல. அதைவிட முக்கியமான விஷயம், வால்வு தன் முழு பலத்தையும் கொடுக்கிற இடத்தில்தான் அதன் குரல் திறக்கிறது. பெரிய பெட்டியை அந்த இடம்வரை கொண்டுபோனால் தெருவே எழுந்துவிடும். சின்னதை வீட்டு அறையிலேயே கொண்டுபோகலாம்.

அந்தக் குரல் எப்படித் திறக்கிறது என்பதை நம் வயற்காட்டை வைத்தே சொல்லலாம். வால்வு ஒரு மதகு. மதகுப் பலகையின் சிறு அசைவுக்கு வாய்க்கால் தண்ணீரெல்லாம் கட்டுப்படுவதுபோல, கிட்டார் கம்பியின் சின்ன அதிர்வுக்கு வால்வுக்குள் ஓடும் பெரிய மின்னோட்டம் கட்டுப்படுகிறது. வாய்க்கால் கரைமுட்ட நிறையும்போது டிரான்சிஸ்டர் அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும். அப்படி வளையும்போது மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கின்றன. ஒற்றை வால்வு செட்டில் முதலில் தலைகாட்டுவது, வாசித்த சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண். ஸட்ஜம் வாசித்தால் மேல் ஸட்ஜம்! தம்பூராவின் நாதத்தில் வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவா இருக்கும்? நாகஸ்வரம் கேட்டே வளர்ந்த தஞ்சைச் சீமைக்காரர்கள் வால்வு ஒலியைக் கேட்டதும் "கனம் இருக்கு" என்று சொல்வதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

பையன் மெல்ல மீட்டியபோது ஒலி தெளிவாக இருந்தது. அழுத்தி மீட்டியபோது அதே பெட்டி சற்றே கரகரத்து, தொண்டை கட்டிய பாடகரைப்போல உருகியது. எந்தத் திருகையும் அவன் தொடவில்லை. எல்லாம் விரலிலேயே இருந்தது. கீழே சமையலறையில் அவன் அம்மா முகம் சுளிக்கவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் உடனே ஒயரைச் செருகிவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பல ரேடியோக்களில் வீட்டு மின்சாரத்திலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. யு.எல்.84, யு.சி.எச்.81 என்று வால்வுகளின் பெயர் 'யு'வில் தொடங்கினால் அது அந்த வகை. உள்ளிருக்கும் இரும்புத் தட்டே வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருக்கும். கிட்டாரைச் செருகினால் கம்பி உயிரைக் குடித்துவிடும். மற்ற செட்டுகளிலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுகூட கண்டென்சருக்குள் இருநூறு, முந்நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். பையனின் செட்டில் அந்த டிரான்ஸ்பார்மர் உண்டு. அப்படியிருந்தும், நீலா தெற்கு வீதியில் வயதான மெக்கானிக் ஒருவர் கண்டென்சர்களை எல்லாம் மாற்றி, உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த வால்வுக் கால்களைத் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் அவன் கையில் தந்திருக்கிறார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்து எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு அன்றே வந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு ரேடியோ இருக்கலாம். மின்சாரம் கொடுக்காமல் பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள். வால்வுகளின் பெயர்கள் பெரும்பாலும் அங்கே ஒட்டிய தாளிலேயே இருக்கும். அதைக் குறித்து, அந்த செட்டில் யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எங்களுக்கு எழுதுங்கள். ஊர் பெயரை மறக்காமல் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்