அந்த நீலம் அழுக்கல்ல

பழைய லென்ஸின் நீல மினுமினுப்பு அழுக்காம். பற்பசை தொட்டுத் தேய்த்தால் போய்விடுமாம். போகும்தான், ஐயா! போவது 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் இயற்பியலாளர் ஸ்மகுலா கண்டுபிடித்த, ஒளி திருப்பத்தைக் குறைக்கும் வகைப் பூச்சு. தடிமன், மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதை இழந்த ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். பிறகு கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தானுக்கு மின்மினிகளைப் படமெடுக்கப் போனால், படத்தில் கரை விளக்கின் பேயுருதான் விழும்.

கோலசிலாங்கூரின் ஈரக்காற்றில் உண்மையான எதிரி பூஞ்சை. அது உள்கண்ணாடியில் படர்ந்திருக்க, வெளியே தேய்த்து என்ன பயன்? தோட்டத்து வீடுகளில் கேமராவைத் தோலுறையோடு அலமாரியில் பூட்டுகிறோமே, அந்தத் தோல்தான் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்குச் சோறு போடுகிறது. உறையைக் கழற்றுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பா போதும். தூசியா? முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பற்பசை பல்லுக்கு.