பழைய சினிமாவும் நமது தராசும்

பழைய சினிமாப் படங்களை இன்றைய அறிவைக் கொண்டு பார்த்துக் குற்றம் சொல்லலாமா, கூடாதா என்கின்ற கேள்வி இப்போது அடிக்கடி கிளம்பி வருகின்றது. “அந்தக் காலத்து வழக்கம் அப்படி, அந்தக் காலத்துக் கண்ணைக் கொண்டுதான் பார்க்க வேண்டும்” என்று பெரியவர்களில் ஒரு சாராரும், “அவையெல்லாம் குப்பை, அவற்றை எதற்காகப் பார்க்க வேண்டும்” என்று இளைஞர்களில் ஒரு சாராரும் பேசி வருகிறார்கள். இவ்விரண்டும் சோம்பேறித்தனமான பதில்களே என்பது நமது அபிப்பிராயம். முதல் பதில் யோசிக்க வேண்டியதில்லை என்கின்றது. இரண்டாவது பதில் பார்க்கவே வேண்டியதில்லை என்கின்றது. பகுத்தறிவுக்காரன் இரண்டையும் ஒப்புக்கொள்ள முடியாது.

சமீபத்தில் பெரம்பலூருக்கு வடக்கேயுள்ள வாலிகண்டபுரத்தில் ஒரு தோழர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தோம். திருமணம் புரோகிதரில்லாமல் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டபடியால் வந்தவர்களுக்குப் பேசுவதற்கு நேரம் மிச்சமிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி அதன்மேல் படம் காட்டினார்கள். ஒரு காலத்தில் இதற்காக டூரிங் டாக்கீஸ் வரக் காத்திருந்த கிராமங்களில் இன்று கைக்கடக்கமான ஒரு கருவி போதுமாயிருக்கின்றது. முதல் நாள் “ஹரிதாஸ்”, மறுநாள் “ரத்தக்கண்ணீர்”. ஒரு பக்திப் படத்தையும் ஒரு பகுத்தறிவுப் படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினால் ஜனங்களுக்கு வித்தியாசம் நன்றாய் விளங்கும் என்பது தோழரின் எண்ணம். வித்தியாசம் விளங்கியது வாஸ்தவமே. ஆனால் யாரும் எதிர்பாராத ஓர் ஒற்றுமையும் விளங்கிவிட்டது. அதைப் பற்றித்தான் இங்கு எழுத முன்வந்தோம்.

“ஹரிதாஸ்” 1944ம் வருஷம் தீபாவளிக்கு வெளிவந்த படம். எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுக்காக ஜனங்கள் திரும்பத் திரும்பப் போய்ச் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கதை வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஹரிதாஸ் என்னும் செல்வந்தர் மகன் பெற்றோரை அலட்சியம் செய்து, ரம்பை என்னும் தாசியின் மோகத்தில் சொத்தை இழந்து, பின்னர் முனிவர் ஒருவரிடத்தில் முறைகேடாக நடந்ததற்காகக் கால்களையும் இழக்கிறான். பிறகு புத்தி வந்து பெற்றோருக்குப் பணிவிடை செய்ய, இழந்த கால்கள் திரும்ப வந்து சேருகின்றன. இதைப் பார்த்த வாலிகண்டபுரத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். “கால் போனால் திரும்ப முளைக்குமா, அப்படியானால் செயற்கைக் கால் செய்கிறவர்கள் என்ன ஆவது?” என்று ஒரு பையன் கேட்டான். தோழர்கள் கைதட்டினார்கள். நாமும் தட்டினோம்.

மறுநாள் “ரத்தக்கண்ணீர்”. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா மேடைமேடையாக நடித்துப் பிரபலமான நாடகம், 1954ல் கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ஷனில் படமாயிற்று. அன்றிரவு கூட்டம் இரண்டு மடங்காயிற்று. சீமைக்குப் போய்வந்த மோகன் தாயை உதைக்கிறான், மனைவி சந்திராவைத் துச்சமாய்த் தள்ளுகிறான், காந்தா என்னும் தாசி வீட்டிலேயே கிடந்து சொத்தைத் தொலைக்கிறான். கடைசியில் குஷ்டரோகியாகிக் கண்ணுமிழந்து தெருவில் பிச்சையெடுக்கிறான். அந்த நிலையிலும் அவனுடைய நையாண்டி நிற்பதில்லை. அதற்கு நமது தோழர்கள் போட்ட ஆரவாரத்தில் பக்கத்துத் தெரு நாய்களெல்லாம் எழுந்துவிட்டன.

படம் முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். அப்பக்கத்துச் சின்ன வெங்காயக் கொல்லைகளில் வேலை செய்கிறவர். அவர் சொன்னது இவ்வளவுதான்:

“ஐயா, எங்க அப்பாவுக்கு இந்த நோய் வந்துச்சு. அவரு கள்ளு குடிச்சதில்ல, யாரு வீட்டு வாசலுக்கும் போனதில்ல, எங்க ஆயாவைக் கையெடுத்துக் கும்பிடுவாரு. அவருக்கு எதுக்கு வந்துச்சு? ஒரு வருசம் மாத்திரை சாப்பிட்டாரு, நோய் போயிடுச்சு. பேச்சு மட்டும் சாகுற வரைக்கும் போகல. நேத்து கால் முளைச்சதுக்குச் சிரிச்சீங்களே, இன்னைக்கு எதுக்குக் கை தட்டுனீங்க?”

கூட்டத்தில் ஒருவராவது வாய் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஹரிதாஸுக்குக் கால் போனது பாவத்தின் சம்பளம் என்று காட்டினால் அது மூடநம்பிக்கை. மோகனுக்குக் குஷ்டம் வந்தது ஒழுக்கக் கேட்டின் சம்பளம் என்று காட்டினால் அது மட்டும் பகுத்தறிவா? குஷ்டரோகம், அதாவது இன்று தொழுநோய் என்று சொல்லப்படுவது, முன்ஜென்ம பாவத்தால் வருவது என்றுதானே புராணக்காரர்கள் சொல்லி வந்தார்கள்? முன்ஜென்மத்தை எடுத்துவிட்டு இந்த ஜென்மத்தை வைத்ததைத் தவிர நாம் அதில் என்ன மாற்றம் செய்தோம்? விதி என்ற பெயரை அழித்துவிட்டு நீதி என்ற பெயரை எழுதிக்கொண்டால் சரக்கு வேறாகிவிடுமா?

இங்கேதான் “அந்தக் காலத்தில் தெரியாது” என்கின்ற சமாதானம் ஓடி வரும். ஆனால் அந்தக் காலத்தில் தெரிந்தே இருந்தது. தொழுநோய் ஒரு நுண்கிருமியால் வருவது என்பதை நார்வே தேசத்து ஹான்சன் என்ற டாக்டர் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். அதாவது படம் வருவதற்கு 81 வருஷங்களுக்கு முன். 1940களில் சல்போன் மருந்து வந்து, நமது செங்கற்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியிலேயே காக்ரேன் என்ற டாக்டர் அதைக் கையாண்டு வந்தார். அதே 1940களின் கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி, அவர்கள் மறுபடியும் வேலை செய்து பிழைக்க வழி செய்தார். இவையெல்லாம் சீமையிலல்ல, ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய செங்கற்பட்டிலும் வேலூரிலும் நடந்தவை. மடங்கிய விரலை ஒருவர் வேலூரில் நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, நாம் கொட்டகையில் உட்கார்ந்து மடங்கிய விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிரிப்பதால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். படம் வந்த மறு வருஷம் ஏற்பட்ட 1955ம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில், விவாகத்தை ரத்துச் செய்வதற்குத் தொழுநோயும் ஒரு காரணமாக எழுதப்பட்டது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981ல் சிபாரிசு செய்து, நோய் அடியோடு குணமாகும் என்பது ருசுவான பிறகும் அந்த விதி ஒழியவில்லை. 2019ல்தான் சட்டத்திலிருந்து எடுத்தெறியப்பட்டது. 64 வருஷம்! இதற்குச் சினிமாதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொட்டகையில் கைதட்டுகிற ஜனங்களும் சட்டசபைக்கு ஓட்டுப் போடுகிற ஜனங்களும் வேறு வேறா? இன்னும் நமது தேசத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாய் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டு வருகின்றது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனால் கைகால் ஊனமாகாமல் காப்பாற்றிவிடலாம். மருந்தும் இலவசம். அப்படியிருந்தும் ஒருவன் தேமலை மறைக்கிறான் என்றால் மருந்துக்குப் பயந்தா மறைக்கிறான்? “இவன் என்ன செய்தானோ” என்கின்ற ஊர்ப் பேச்சுக்கல்லவா பயப்படுகிறான்! அந்தப் பேச்சுக்கு நமது படமும் ஒரு கவளம் சோறு போட்டிருக்கின்றது.

மற்றொரு விஷயம். இரண்டு படங்களிலும் ஆண்பிள்ளையைக் கெடுப்பவள் தாசி. தாசிகளை உண்டாக்கியது கோவிலும், சாஸ்திரமும், பணக்கார மைனர்களும்தான் என்பதை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936லேயே தமது நாவலில் வெளிப்படுத்திவிட்டார். அவர் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். அவரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் போராடி, பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947ல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்கு ஏழு வருஷம் கழித்து வந்த நமது படத்தில் காந்தாவை உண்டாக்கியது எது என்று ஒரு கேள்வியாவது உண்டா? மோகன் திருந்துவதற்குச் சந்தர்ப்பம் கிடைக்கின்றது. காந்தா ஆகாய விமான விபத்தில் சாகிறாள். ஹரிதாஸ் திருந்தினான், மோகன் திருந்தினான், தாசி மட்டும் திருந்துவதற்கு யோக்கியதை இல்லாதவளா?

இவ்வளவும் சொன்னதால் “ரத்தக்கண்ணீரைப்” பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்பது நமது கருத்தல்ல. அதே படத்தின் கடைசியில் மோகன் தன் மனைவி சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கே மணம் செய்துகொடுக்கிறான். புருஷன் எப்படிப்பட்டவனானாலும் அவனுக்காக அழுதுகொண்டேயிருப்பதுதான் பத்தினித்தனம் என்று படத்துக்குப் படம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், உயிரோடிருக்கிற புருஷனே மனைவிக்கு வேறு வாழ்க்கை உண்டு என்று சொல்வதைத் திரையில் காட்டியது சாதாரண துணிச்சல் அல்ல. “ஹரிதாஸ்” மனைவிக்குப் பொறுமையைத் தவிர வேறொன்றையும் கொடுக்கவில்லை. இந்த வித்தியாசத்தைத் தோழர் காட்ட விரும்பியது நியாயமே. நல்லதை நல்லதென்று சொல்லவும் கெட்டதைக் கெட்டதென்று சொல்லவும் ஒரே வாய்க்குச் சக்தி இருக்க வேண்டும். அது எதிரியின் படமானாலும் சரி, நம்முடைய படமானாலும் சரி.

“அந்தக் காலம்” என்பதைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை. காலம் என்பது ஒரே குரலில் பேசுகிற ஆசாமியல்ல. “ஹரிதாஸ்” வந்த அதே 1944ல்தான், அதற்கு இரண்டு மாதம் முன்பு, சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. புராணப் படங்கள் புரட்டு என்று மேடையில் பேசினவர்களும் அந்தக் காலத்தார்தான். பாகவதர் பாட்டுக்கு மயங்கியவர்களும் அந்தக் காலத்தார்தான். ஆகவே “அந்தக் காலத்துக் கண்” என்று யாராவது சொன்னால், யாருடைய கண் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பண்ணையார் கண்ணா, பண்ணையாள் கண்ணா? புருஷன் கண்ணா, பெண்டாட்டி கண்ணா? கைதட்டியவர் கண்ணா, கூட்டத்தில் மூலையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்த நோயாளியின் கண்ணா?

நிற்க, பழைய படங்களில் ஆபாசமான அல்லது அவமானமான காட்சிகளை வெட்டி எறிந்துவிட வேண்டும் என்று சொல்லுகிறவர்களையும் நாம் ஆதரிக்கவில்லை. கைப்பட எழுதிய வாக்குமூலத்தைக் கிழித்துவிட்டால் குற்றத்தை எதைக் கொண்டு ருசுப்பிப்பது? ஏற்கனவே போனது போதாதா? தமிழின் முதல் பேசும் படமென்று சொல்லப்படும் 1931ம் வருஷத்துக் “காளிதாஸுக்கு” இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. 1933ம் வருஷத்து ஊமைப் படமாகிய “மார்த்தாண்ட வர்மா” மிஞ்சியிருப்பது, யாரும் பத்திரப்படுத்தியதால் அல்ல. அது உரிமை வழக்கில் சிக்கி ஓடாமல் முடங்கிக் கிடந்ததால்தான் தப்பியது. பிறகு 1964ல் ஏற்பட்ட புனா திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கோர்ட்டுக்குப் போனதால் ஒரு படம் பிழைத்தது என்றால் நமது பத்திரப்படுத்தும் யோக்கியதையை வாசகர்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

பழையதைக் கேள்வி கேட்பது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் வாலிகண்டபுரம் என்கின்ற பெயரையே கவனிக்கட்டும். வாலி வந்து சிவனைக் கண்டு பூஜித்த ஊர் என்பது அங்குள்ள ஸ்தலபுராணக் கதை. அதை நாம் நம்பவில்லை. ஆனால் அந்த வாலி என்னும் கதாபாத்திரம், மறைந்து நின்று அம்பெய்த ராமனைப் பார்த்து, இது நியாயமா என்று சாகுந்தருவாயில் கேட்டதாகக் கம்பனே பாடியிருக்கிறான். அந்தக் காலத்துக் கண்ணைக்கொண்டு பாருங்கள் என்று அடிபட்டவனிடம் கம்பனே சொல்லவில்லை; கேட்க விட்டான். அடிபட்டவன் கேட்கிற கேள்விக்குக் காலக்கெடு கிடையாது.

அன்றிரவு அந்த அம்மாள் கேட்டதும் அப்படிப்பட்ட கேள்விதான். ஆகவே தோழர்கள் இனி எங்கு பழைய படம் காட்டினாலும், படம் எந்த வருஷத்தது, அந்த வருஷத்தில் என்னென்ன தெரிந்திருந்தது என்பதை முன்னால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் காட்டட்டும். முடிந்த பிறகு விளக்கைப் போட்டு, கைதட்டியவர்களைப் பேசச் சொல்லுவதற்கு முன்பு, கைதட்டாதவர்களைப் பேசச் சொல்லட்டும். தொழுநோயைக் காட்டும் படமானால், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து உண்மையைச் சொல்லச் செய்யட்டும். எம்.ஆர். ராதாவின் குரலில் பேசிக் கைதட்டல் வாங்குகிற நமது மேடைத் தோழர்கள், அந்தக் கோணல் கையையும் சேர்த்துக் காட்டுவதை இன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். அவருடைய நையாண்டிக்கு அந்தக் கை அவசியமில்லை.

இன்று நாம் எடுத்துக் கொண்டாடுகிற படங்களும் ஐம்பது வருஷத்தில் பழைய படங்களாகிவிடும். அவற்றைப் பார்க்கப்போகிற பிள்ளைகள் நம்மைப் பார்த்து எதற்குச் சிரிப்பார்களோ, எதற்குத் தலைகுனிவார்களோ, யார் கண்டது? “அந்தக் காலத்தில் தெரியாது” என்று அவர்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். தெரிந்தவர் ஒருவர் எப்பொழுதும் கூட்டத்தில் இருந்தே தீருவார். வாலிகண்டபுரத்தில் இருந்தார்.